மேலிருந்து வரும் மிரட்டல்: 'புல்லியிங்' என்ற சொல்லும் திண்டுக்கல் ஆலைத்தளமும்

1. கேள்வி

ஆலையில் மேற்பார்வையாளர் சொன்ன வேலையைத் தொழிலாளி செய்ய மறுத்தால், அந்தச் செயலுக்குச் சட்டத்தில் பெயர் உண்டு. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டப்படி மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில், ஒழுங்கீனங்களின் பட்டியல் அந்தப் பெயரோடுதான் தொடங்குகிறது: மேலதிகாரியின் சட்டப்படியான, நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. திருட்டும் லஞ்சமும் அதற்குப் பிறகே வருகின்றன.

அதே மேற்பார்வையாளர் தையல் லைனில் ஒரு பெண்ணின் தலைக்கு மேல் நின்று நாள் முழுக்கக் கத்துகிறார். "ஏய்", "வாடி", "போடி" என்றுதான் கூப்பிடுகிறார். கழிப்பறைக்குப் போய்வந்த நிமிடங்களை எல்லார் முன்னாலும் எண்ணிச் சொல்கிறார். கை ஓங்கவில்லை; தகாத இடத்தில் தொடவும் இல்லை. இந்த நடத்தைக்கு என்ன பெயர்?

ஆங்கிலத்தில் இதைப் 'புல்லியிங்' என்பார்கள். நகரத்துப் பள்ளிகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் தமிழர்களும் இப்போது அந்தச் சொல்லையே எடுத்தாள்கிறார்கள். வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை பக்கத்து நூற்பாலைகளிலும் ஆடை ஆலைகளிலும் அது புழங்குவதில்லை. அங்கே வேறு சொற்கள் இருக்கின்றன. இந்தச் சொற்களில் எது யாரைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, புகாராகவும் தீர்வாகவும் மாறும் வலு எதற்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் விசாரணை. திண்டுக்கல்லைத் தேர்ந்ததற்குக் காரணம், 2022-இல் இந்த ஊரின் பெயரிலேயே கையெழுத்தான ஓர் ஒப்பந்தம்.

2. கொஞ்சலாகப் பிறந்த சொல்

'புல்லி' ஆங்கிலத்தில் வசவாகப் பிறக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் அதற்கு 'அன்பே', 'கண்ணே' என்ற பொருள். டச்சு மொழியில் காதலரைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் பாட்டம் என்ற பாத்திரத்தைக் கூட்டாளிகள் இச்சொல் சேர்த்தே பாசமாக அழைக்கிறார்கள். அந்தப் பாட்டம் ஒரு நெசவாளி என்பது இக்கட்டுரைக்குத் தற்செயலாக வாய்த்த பொருத்தம். 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சொல் தலைகீழாகிவிட்டது: வாய்ச்சவடால் அடிப்பவன், எளியவனைக் கண்டால் எகிறுபவன்.

ஆய்வுக் கலைச்சொல்லாக அது மாறியது 1970-களில். நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து மூன்று அளவுகோல்களை வைத்தார்: தீங்கு செய்யும் நோக்கம் இருக்க வேண்டும், செயல் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், இரு தரப்புக்கும் நடுவே பலம் சமமின்றி இருக்க வேண்டும். இன்றுவரை பெரும்பாலான வரையறைகள் இவற்றைத்தான் சுற்றுகின்றன. பள்ளிக்கூடத்துக்கு அவை பொருந்தலாம். ஆலைக்குக் கொண்டுவந்தால் முதல் அளவுகோலே இடறுகிறது. "எனக்கு அந்தப் பொண்ணு மேல என்ன பகை? ப்ரொடக்‌ஷன் வரணும், அவ்வளவுதான்" என்று மேற்பார்வையாளர் சொன்னால் நோக்கத்தை எப்படி நிறுவுவது? அவர் சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இதை முதலில் கண்டவர்களில் ஒருவர் சுவீடனில் வாழ்ந்த ஹைன்ஸ் லேமன். 1980-களில் அவர் வேலையிடத்தை ஆராய்ந்தபோது 'புல்லி'யை விட்டுவிட்டு 'மாபிங்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். கெட்ட குணமுள்ள ஒருவரைத் தேடுவதைக் காட்டிலும் வேலை எப்படி ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே முக்கியம் என்பது அவர் நிலைப்பாடு. 1993-இல் சுவீடன் இதற்கென்றே ஒரு விதியைக் கொண்டுவந்தது. 'புல்லி' ஓர் ஆளின் பெயர். 'மாபிங்' ஒரு நிகழ்வின் பெயர். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

இதே குடும்பத்தில் இன்னொரு சொல் 'பாஸ்'. டச்சு மொழியின் 'பாஸ்' என்பதை அமெரிக்கத் தொழிலாளர்கள் பிடித்துக்கொண்டதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது, அடிமைமுறை நாற்றம் வீசிய 'மாஸ்டர்' என்ற விளியை வாயால் சொல்ல அவர்களுக்கு மனமில்லை என்பதே. அதிலிருந்து பிறந்த 'பாஸி' பெரும்பாலும் பெண்கள்மீதே வீசப்படுகிறது என்று சொல்லி, ஷெரில் சாண்ட்பெர்க் 2014-இல் அச்சொல்லுக்கு எதிராக இயக்கமே நடத்தினார். தமிழில் 'பாஸ்' வேறு வழியில் போனது. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் "பாஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பவர் முன்பின் அறியாத ஒருவரைச் சமமாக்கிக்கொள்கிறார். அதிகாரத்தின் சொல்லிலிருந்து அதிகாரத்தை உருவிவிட்டுத் தோழமையை மட்டும் வைத்துக்கொண்ட தமிழர்கள், அந்த அதிகாரத்தைத் திட்டுவதற்கு வேறு சொற்களைத் தேடிக்கொண்டார்கள்.

3. வட்டார வழக்கு காட்டுவது

அடக்கியாளும் நடத்தையைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லை என்ற புலம்பலுக்கு அடிப்படை கிடையாது. அதட்டல், உருட்டல், மிரட்டல், அடாவடி, ஏச்சு, எகத்தாளம் என்று வகைக்கொன்று இருக்கிறது. அதைவிடச் சுவையானது 'தனம்' என்ற ஈறு. பண்ணையார்த்தனம், நாட்டாமைத்தனம், பெரியதனம் என்று பதவிப் பெயரோடு அதை ஒட்டினால், அந்தப் பதவியின் அளவுமீறல் என்ற பொருள் வந்துவிடுகிறது. "நாட்டாமை பண்ணாதே" என்று சொல்லும்போது, எதிரில் நிற்பவருக்கு அந்தப் பதவி இல்லை, இருந்தாலும் இங்கே செல்லாது என்ற இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. 'மாமியார் மாதிரி' என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது பெண்கள்மீது மட்டும் பாய்கிறது. 'பாஸி' பற்றிய சாண்ட்பெர்க்கின் குறை இங்கும் பொருந்தும்.

ஆலைத் தொழிலாளர் பேச்சில் இவை எல்லாவற்றையும் முந்தி நிற்பது ஓர் ஆங்கிலச் சொல்: 'டார்ச்சர்'. "சூப்பர்வைசர் ஒரே டார்ச்சர்", "ஹாஸ்டல்ல வார்டன் டார்ச்சர்", "டார்கெட் டார்ச்சர் தாங்கல". காவல் நிலையச் சித்திரவதையைக் குறிக்கும் கனமான சொல்லை இப்படி அன்றாடத்துக்குப் பயன்படுத்துவது மிகை என்று ஆங்கிலம் படித்தவருக்குத் தோன்றலாம். அந்த மூன்றாவது தொடரைக் கவனித்தால் தெரியும்: அங்கே செய்பவர் யாரும் இல்லை. இலக்கே வதைக்கிறது. 'புல்லி' என்ற சொல் செய்பவரில் தொடங்குகிறது. 'டார்ச்சர்' படுபவரில் தொடங்குகிறது. லேமன் சொன்னதற்கு அது நெருக்கமானது.

'டார்ச்ச'ரின் பலவீனமும் அங்கேதான். எல்லாமும் டார்ச்சர் என்றால் எதைப் புகாராக எழுதுவது? கடும் வெயிலும் டார்ச்சர், கணவரின் குடியும் டார்ச்சர், மேற்பார்வையாளரின் ஆபாச வசவும் டார்ச்சர். விசாரணைக்கு வரும்போது "என்ன சொன்னார், எப்போது சொன்னார், யார் கேட்டார்கள்" என்று கேட்பார்கள். அந்தச் சொல்லுக்குள் அந்த விவரங்கள் இல்லை.

தமிழ் இலக்கணம் இதில் ஒரு சாட்சியாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் மேலாளரும் தொழிலாளியும் ஒருவரையொருவர் ஒரே முன்னிலைச் சொல்லால் அழைக்க முடியும். தமிழில் வாய் திறந்த கணமே 'வா'வா 'வாங்க'வா என்று முடிவாகிவிடுகிறது. இருபது வயதுப் பெண்ணுக்கு 'டி' போட்டுப் பேசும் ஆண் மேற்பார்வையாளரின் ஒவ்வொரு வினைமுற்றிலும் ஏற்றத்தாழ்வு பதிவாகிறது. சாதிப் படிநிலை தெரிந்த ஊர்களிலிருந்து வரும் தொழிலாளிக்கு அந்த விகுதி வெறும் வயது வித்தியாசமாகக் கேட்பதில்லை.

கடல் கடந்த தமிழில் இன்னொரு சொல் நிலைபெற்றிருக்கிறது. பல்கலைக்கழக 'ராகிங்'கை இலங்கைத் தமிழர் 'பகிடிவதை' என்பார்கள். 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் அங்கே அதைத் தடை செய்கிறது. மலேசியத் தமிழ் ஊடகங்கள் 'பகடிவதை' என்பதைப் 'புல்லியிங்' முழுமைக்கும் விரித்துவிட்டன. அழகான ஆக்கம்தான். ஆனால் பகடி என்ற முற்பாதி, வதைப்பவரின் வழக்கமான சாக்கைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது: "சும்மா விளையாட்டுக்குத்தான்." ஆலையில் யாரும் விளையாட்டுக்குக் கத்துவதில்லை.

4. ஒரு பழைய கோப்பு

மேலிருப்பவரின் அத்துமீறலுக்குப் பெயரில்லை, கீழிருப்பவரின் மீறலுக்கு மட்டும் பெயருண்டு என்ற நிலை இப்பகுதிக்குப் புதிதல்ல. 1792-இல் திப்பு சுல்தானுடனான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியாகத் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. அப்போதைய கம்பெனிக் கடிதங்களில் பாளையக்காரர்களுக்கு முன் வந்து ஒட்டிக்கொள்ளும் அடைமொழி 'ரெஃப்ராக்டரி': அடங்காத, சொல்பேச்சுக் கேளாத. விருப்பாட்சி கோபால நாயக்கரும் அந்த வகையில்தான் சேர்க்கப்பட்டார்; 1801-இல் தூக்கிலிடப்பட்டார்.

விதிவிலக்கும் உண்டு. 1798-இல் கலெக்டர் ஜாக்சன், பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைப் பேட்டிக்கு வரச்சொல்லிவிட்டு ஊர் ஊராக அலையவிட்டார். கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நிற்கவைத்தே விசாரித்தார். கைகலப்பில் ஓர் ஆங்கில அதிகாரி இறந்தார். பிறகு சென்னை அரசு ஒரு குழுவை அமைத்து விசாரித்தது. ஜாக்சன் பதவி இழந்தார். உட்கார இருக்கை தராதது, அலைக்கழித்தது போன்றவை நிர்வாகக் குற்றமாகக் கோப்பில் ஏறிய அபூர்வத் தருணம் அது. ஆனால் பேட்டிக்கு வந்தவர் ஒரு பாளையக்காரர் என்பதால்தான் அந்தக் கோப்பே திறக்கப்பட்டது. ஒரு குடியானவரை நிற்கவைத்ததற்காக எந்தக் கலெக்டரும் வேலை இழந்ததாகக் கம்பெனி வரலாற்றில் படிக்க முடியாது.

5. சட்டப் புத்தகத்தில் தேடினால்

இன்றைய இந்தியச் சட்டத்தில் அதட்டும் மேலாளரைத் தொடும் பிரிவுகள் இல்லாமல் இல்லை. எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு ஏதோ ஒரு குற்றத்தின் வாசல் வழியாகத்தான் உள்ளே விடுகிறது.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 3-ஆம் பிரிவு மிரட்டும் வேலைச்சூழல், பகைமையான வேலைச்சூழல், உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய அவமதிப்பு ஆகியவற்றை வெளிப்படையாகப் பேசுகிறது. முதல் வாசிப்பில், தேடியது கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் இவை பாலியல் துன்புறுத்தலோடு தொடர்புடையவையாக இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்குள் வரும். பாலியல் சாயல் இல்லாத, நாள்தோறும் நடக்கும் அவமதிப்பை உள்ளகக் குழு கையில் எடுக்க முடியாது. ஆணுக்கு அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினரை அவமதிக்கும் நோக்கத்தோடு இழிவுபடுத்துவதையும் மிரட்டுவதையும் தண்டிக்கிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடம் என்பது அதற்கு நிபந்தனை. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் நடந்தால் அது இந்தப் பிரிவில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியது. பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றமுறு மிரட்டலும் வேண்டுமென்றே அவமதிப்பதும் தனித்தனிக் குற்றங்கள். அதற்குக் காவல் நிலையம் போக வேண்டும். காலை ஷிப்டுக்கு ஆலைப் பேருந்து வந்து ஊர்முனையில் நிற்கும்போது, அந்த ஆலையின் மேற்பார்வையாளர்மீது புகார் கொடுத்துவிட்டு எந்தப் பெண் அதில் ஏறுவார்?

தொடக்கத்தில் சொன்ன மாதிரி நிலையாணைகளிலும் ஒரு கதவு இருக்கிறது. நேர்மை கருதி அதைச் சொல்ல வேண்டும். முதலாளியோ அவருடைய முகவரோ முறையற்று நடத்தினால் தொழிலாளி புகார் கொடுக்கலாம் என்கிறது ஒரு விதி. யாரிடம்? மேலாளரிடம். மேல்முறையீடு முதலாளியிடம். கீழ்ப்படியாமைக்கு இடைநீக்கமும் விசாரணையும் வேலைநீக்கமும் வரிசையாக வகுத்த அதே ஆவணம், முறையற்ற நடத்தைக்கு ஒரு முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. 1946-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300-ஆக உயர்த்திவிட்டது. சிறிய ஆலைகளில் அந்த முகவரியும் கட்டாயம் இல்லை.

ஆனால் பெயர் சூட்டினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் ராகிங்கில் கொலையானதை அடுத்து, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவரை கல்லூரிச் சம்பிரதாயமாக, சீனியர்களின் உரிமையாகச் சொல்லப்பட்ட ஒன்று, ஒரே சட்டத்தால் குற்றத்தின் பெயரானது. அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ச் சட்டமும் அப்படியே வைத்துக்கொண்டது. மாணவருக்குக் கிடைத்த அந்தப் பெயர், பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போகாமல் நூற்பாலைக்குப் போன பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

6. திண்டுக்கல் ஒப்பந்தம்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் பேகம்பூர்த் தோல் பதனிடும் கூடங்களும் நினைவுக்கு வரும். மாவட்டத்தின் வறண்ட வடபகுதியில், மழை பொய்த்த மானாவாரிக் காடுகளுக்கு நடுவே முளைத்த நூற்பாலைகளே கடந்த சில பத்தாண்டுகளில் ஏராளமான இளம்பெண்களுக்கு வேலை தந்தவை. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் அவ்வழியாகத்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது: சில ஆண்டுகள் ஆலை ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. 'கேம்ப் கூலி' என்றும் அழைக்கப்பட்ட இம்முறையைப் பற்றி நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனம் 2011-லும் 2014-லும் அறிக்கைகள் வெளியிட்டது. வெளியே போகவரத் தடை, கைப்பேசிக் கட்டுப்பாடு, நீண்ட வேலைநேரம், வசவு ஆகியவை அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. வசவு அந்தப் பட்டியலில் கடைசி உருப்படியாக, மற்றவற்றின் பின்னணி இரைச்சலைப் போல இடம்பெற்றது. இரும்புக் கதவையும் பூட்டையும் ஆய்வாளர்கள் எளிதில் எழுதிவிட முடிந்தது. குரலை எழுதுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் ஆடை ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்த ஆலை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. சுவீடனின் எச் அண்ட் எம் உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணி தைத்தது. கொலையை ஒரு தனிமனிதனின் குற்றமாக மட்டும் பார்த்து முடித்திருக்கலாம். தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அப்படி முடிக்க விடவில்லை. அங்கு வேலை செய்யும் பெண்கள் அன்றாடம் எதிர்கொண்ட வசவு, தொல்லை, மிரட்டல் எல்லாவற்றின் தொடர்ச்சியாகவே இந்த மரணத்தைப் பார்க்க வேண்டும் என்றது. சங்கத்தின் தலைவர் திவ்யராகினி, ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், அமெரிக்காவிலிருந்து இயங்கும் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகியோர் ஓராண்டுக்கும் மேலாகப் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் அதோடு இணைந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, கேப், பி.வி.எச். நிறுவனங்கள் பிறகு சேர்ந்தன. ஆடை ஆலையோடு அந்நிறுவனத்தின் நூற்பாலைகளும் உள்ளடங்க, 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதன்கீழ் வந்தார்கள். ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் 2019-இல் ஜீன்ஸ் ஆலைகளில் ஏற்பட்ட உடன்படிக்கைகள் இதற்கு முன்னோடி. பாலினம் சார்ந்த வன்முறையைத் தடுக்கப் பன்னாட்டு நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆசியாவில் இதுவே முதலாவது.

இக்கட்டுரையின் கேள்விக்கு முக்கியமானது அந்த ஒப்பந்தம் எந்தச் சொல்லைத் தேர்ந்தது என்பது. அது 'புல்லியிங்'கை மையமாக வைக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் ஏற்ற 190-ஆம் உடன்பாட்டின் வழியில், 'பாலினம் சார்ந்த வன்முறையும் துன்புறுத்தலும்' என்ற விரிந்த வரையறையை எடுத்துக்கொண்டது; சாதி, புலம்பெயர்வு அடிப்படையிலான பாகுபாட்டையும் சேர்த்துத் தடுத்தது. 190-ஆம் உடன்பாட்டின் வரையறை ஓல்வேயஸின் மூன்று கால்களில் இரண்டை வெட்டிவிடுகிறது. உடல், உளம், பாலியல், பொருளாதாரம் என எவ்வகையிலாவது தீங்கு விளைவிக்கும் நோக்கம் இருந்தாலும் சரி, விளைவு அப்படி ஆனாலும் சரி, ஆகக்கூடியதாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு முறை நடந்தாலும் போதும். "எனக்கு என்ன பகை?" என்ற மேற்பார்வையாளரின் பதில் இங்கே எடுபடாது. இந்தியா இந்த உடன்பாட்டை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. நாடு செய்யாததை ஓர் ஆலையின் ஒப்பந்தம் தன் எல்லைக்குள் செய்துகொண்டது.

அடுத்தது நடைமுறை. சுமார் 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெறுகிறார்கள். லைனில் மேற்பார்வையாளர் கத்தும்போது அதைக் கேட்கும் தூரத்திலேயே அவர்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கண்ணால் கண்டதைச் சொல்லவும், பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாகப் பேசவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மேலே ஆலை நிர்வாகத்தைச் சாராத குறைதீர்ப்பு முறை இருக்கிறது. புகார் சொன்னவரைப் பழிவாங்குவதும் மீறலே. நிர்வாகம் உடன்படிக்கையை மதிக்காவிட்டால், துணி வாங்கும் நிறுவனங்கள் வணிகரீதியான நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை. ஆர்டர் குறையும் என்பது ஆலைக்குப் புரியும் மொழி.

இதே காலத்தில் இன்னொரு திசையிலிருந்தும் அழுத்தம் வந்தது. கட்டாய உழைப்பு நடப்பதாகச் சொல்லி, அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் நாச்சி ஆலையின் ஆடைகளைத் தடுத்து வைக்க ஆணையிட்டது. ஒப்பந்தத்தின் கீழ் எடுத்த நடவடிக்கைகள் காட்டப்பட்ட பிறகு செப்டம்பரில் ஆணையை விலக்கிக்கொண்டது. கட்டாய உழைப்புக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வகுத்த 11 அடையாளங்களில் 'மிரட்டலும் அச்சுறுத்தலும்' ஒன்று. வேடசந்தூர்ப் பக்கத்து மேற்பார்வையாளரின் குரல், அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கை நிறுத்தும் காரணங்களில் ஒன்றாகக் கூடும் என்பது சில ஆண்டுகளுக்கு முன் யாரும் நம்பியிருக்க மாட்டாத செய்தி.

கையெழுத்திட்ட தரப்புகள் முதல் ஆண்டு முடிவில் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான குறைகள் ஆலைத்தளத்திலேயே, பெரிதாவதற்கு முன்பே தீர்ந்ததாகக் கூறியது. சம்பந்தப்பட்டவர்களே எழுதிய அறிக்கை என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் படிக்க வேண்டும். ஆயினும் அது காட்டும் திசை கவனத்துக்குரியது. 'டார்ச்சர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டிருந்தவை, "இந்த மணிக்கு இந்த வார்த்தை சொன்னார்", "கழிப்பறைக்குப் போக விடவில்லை" என்று தனித்தனி வாக்கியங்களாகப் பிரிந்தபோதுதான் அவற்றைக் கையாள முடிந்திருக்கிறது. ஆளுக்குப் 'புல்லி' என்ற முத்திரை குத்துவது இதில் தேவைப்படவே இல்லை. மேற்பார்வையாளர்களும் பயிற்சிக்குள் கொண்டுவரப்பட்டார்கள்.

7. ஆளா, அமைப்பா

ஒப்பந்தத்தை முழு வெற்றி என்று சொல்வதற்குத் தடையாக ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. மேற்பார்வையாளர் ஏன் கத்துகிறார்?

ஒரு சட்டைக்குக் கை தைக்க எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு, அதிலிருந்து மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு லைனுக்கு வருகிறது. இலக்கை எட்டாவிட்டால் மேற்பார்வையாளருக்கு ப்ரொடக்‌ஷன் மேனேஜரிடம் ஏச்சு. அவருக்கு அதற்கு மேலே. கொடுக்கும் விலையும் கெடுவும் கடல் கடந்த அலுவலகத்தில் முடிவாகின்றன. விரைவு நாகரிக வணிகத்தின் கொள்முதல் முறையே பெண்கள் மீதான வன்முறைக்கு அடித்தளம் என்று ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் 2018-இல் வெளியிட்ட அறிக்கைகளில் வாதிட்டது. இதை அப்படியே ஒப்புக்கொண்டால் தனிமனிதப் பொறுப்பு காணாமல் போகும் அபாயம் உண்டு. ஒரே இலக்கின் கீழ் எல்லா மேற்பார்வையாளர்களும் 'வாடி' என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடுபவரும் தனக்குச் சமமான சாதி ஆண் தொழிலாளியிடம் அதே தொனியில் பேசுவதில்லை. இலக்கு நெருக்குகிறது, அந்த நெருக்கடியை யார்மீது எப்படி இறக்குவது என்பதைச் சாதியும் பாலினமும் தீர்மானிக்கின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் பேசும் எந்த விளக்கமும் பாதிதான்.

மற்ற நாடுகள் இந்த முடிச்சை வெவ்வேறு விதமாக அவிழ்த்திருக்கின்றன. தென்கொரியர்கள் 'கப்ஜில்' என்கிறார்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் முதல் தரப்பைக் குறிக்கும் 'கப்' என்பதோடு, இழிவான செயலைச் சுட்டும் 'ஜில்' என்ற ஈற்றை ஒட்டிய சொல். தமிழின் 'தன'த்துக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு. 2014 டிசம்பரில், கொட்டைப் பருப்பைத் தட்டில் வைக்காமல் உறையோடு கொடுத்ததற்காக விமான நிறுவன முதலாளியின் மகள் ஓடுபாதைக்குப் போன விமானத்தைத் திருப்பச் செய்தார். நாடே கொதித்தது, அச்சொல் எல்லார் வாயிலும் வந்தது. 2019 ஜூலையில் பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிரான விதி தொழிலாளர் சட்டத்தில் ஏறியது. பிரான்ஸில் 2002 முதலே 'மன ரீதியான துன்புறுத்தல்' குற்றம். பிரான்ஸ் டெலிகாம் நிறுவனத்தின் முன்னாள் தலைவர்கள்மீதான வழக்கில், 2019 டிசம்பரில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: நேருக்கு நேர் யாரையும் திட்டாமலேயே, ஊழியர்களை வெளியேறச் செய்யும் ஒரு நிர்வாகக் கொள்கையே துன்புறுத்தலாக முடியும் என்றது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

திண்டுக்கல் லைனுக்கு மிக நெருக்கமாக வருவது ஜப்பானின் பட்டியல். ஆங்கிலச் சொற்களைக் கொண்டு ஜப்பானியரே ஆக்கிக்கொண்ட 'பவர் ஹராஸ்மென்ட்' 2019-இல் சட்டமாகி, 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கும் 2022 ஏப்ரலில் சிறியவற்றுக்கும் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டு அரசு அதை ஆறு வகையாகப் பிரிக்கிறது: உடல் தாக்குதல், மனத்தைத் தாக்குதல், ஒதுக்கிவைத்தல், தாங்க முடியாத அளவு வேலை சுமத்துதல், தகுதிக்குக் குறைவான வேலையில் தள்ளுதல், தனிவாழ்வில் தலையிடுதல். இவற்றில் இரண்டாவது வகையைத் திண்டுக்கல் ஒப்பந்தம் லைனுக்குள்ளேயே பிடித்துவிடுகிறது; கண்காணிப்பாளர் கேட்கும் தூரத்தில் இருக்கிறார். நான்காவது வகை அப்படியல்ல. மணிக்கு எத்தனை உருப்படி என்ற எண்ணை யாரும் கத்திச் சொல்வதில்லை. அது லைனின் தலைமாட்டில் உள்ள பலகையில் எழுதப்பட்டிருக்கிறது, மணிக்கொரு முறை அழித்து எழுதப்படுகிறது. அந்த எண்ணைப் பற்றிப் பேச வேண்டுமானால், துணியின் விலையைப் பேசும் மேசையில் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும்.